ஜொகூர் பாரு – சிங்கப்பூர் புது ரயில்: கீழக்கரைக் கடையில் என்னிடம் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

கீழக்கரையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது, ஃபாரம் நிரப்புவது, விமான டிக்கெட் போடுவது என்று ஒரு சின்னக் கடை நடத்துகிறேன். அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் சிங்கப்பூரில் வேலை. என் லாத்தாவை, அதாவது அக்காவை, கட்டிக்கொடுத்தது மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவில், ஊரில் எல்லோரும் சொல்கிற மாதிரி ஜேபியில். அதனால் இந்த ஆர்டிஎஸ் லிங்க் ரயில் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தால் போதும், பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் இருக்கிறவர்கள் கடைக்கு வந்தோ போன் போட்டோ அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

இது என்ன ரயில்? எங்கிருந்து எங்கே?

ஜேபியில் இருக்கும் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் நார்த் வரைக்கும். மொத்தமே ஏறக்குறைய 4 கிலோமீட்டர், இரண்டே ஸ்டேஷன், நடுவில் எங்கும் நிற்காது. நம்ம சேது எக்ஸ்பிரஸ் மாதிரி பெர்த் போட்ட ரயில் என்று நினைக்க வேண்டாம், மெட்ரோ மாதிரி. நான்கு பெட்டி, பெரும்பாலும் நின்றுகொண்டு போவது, ஒரு ரயிலில் 600 பேருக்கு மேல் ஏறலாம். கூட்ட நேரத்தில் நான்கு நிமிஷத்துக்கும் குறைவான இடைவெளியில் ஒன்று வரும், அப்படிப் பார்த்தால் மணிக்கு ஒரு பக்கம் 10,000 பேர். காலையில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டு ராத்திரி ஜேபிக்குத் திரும்புகிறவர்களுக்காகக் கட்டியது. நம்ம ஊர் ஆட்கள் அதில் ஏறுவது மகளைப் பார்க்க, பேரனைப் பார்க்க.

எப்போ திறக்கிறார்கள்?

இரண்டு அரசாங்கமும் சொல்லியிருக்கும் கெடு 2026 டிசம்பர் முடிவு. டிக்கெட் போடும் நாளில் சேவை தொடங்கிவிட்டதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் பாதாளத்தில் என்கிறார்களே, கடலுக்கு அடியில் போகிறதா?

இல்லை. இதுதான் அதிகம் குழப்புகிறது. சிங்கப்பூர்ப் பக்கத்து ஸ்டேஷன் மட்டும்தான் தரைக்குக் கீழே. அங்கிருந்து கிளம்பும் ரயில் சுரங்கத்தில் கொஞ்ச தூரம் போய், மேலே ஏறி வெளிச்சத்துக்கு வந்து, ஜொகூர் நீரிணையைப் பாலத்தில் தாண்டுகிறது. பாலத்தின் உயரம் 25 மீட்டர். ஜேபிப் பக்கத்து ஸ்டேஷன் தூண் மேல் நிற்பது.

நமக்குப் பாம்பன் கணக்கில் சொன்னால் சுலபமாகப் புரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. கப்பல் வரும்போது அதன் நடுத்துண்டு, 72.5 மீட்டர் நீளமுள்ளது, அப்படியே லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகும். ஜொகூரில் தூக்குகிற வேலை எதுவும் கிடையாது, கட்டும்போதே உயரமாகக் கட்டிவிட்டார்கள். 2024 ஜனவரி 11-ந் தேதி இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த பாலம் நடுக்கடலில் சேர்ந்தபோது சிங்கப்பூர்ப் பிரதமராக இருந்த லீ சியன் லூங்கும் மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிமும் பாலத்தின் மேலேயே சந்தித்தார்கள். அந்தப் போட்டோவைத்தான் இன்னும் எல்லோரும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அஞ்சு நிமிஷ ரயிலுக்கு இத்தனை பேச்சா? பஸ் ஓடுகிறதே, போதாதா?

பஸ் இருக்கிறது. நானும் எத்தனையோ சனிக்கிழமை ராத்திரி அதில்தான் லாத்தா வீட்டுக்குப் போனேன். அந்தக் கடலைத் தாண்டுகிற தூரம் ஒரு கிலோமீட்டர்தான், காஸ்வே என்கிற, கடலில் கல் கொட்டிக் கட்டிய பாதை, 1923-லேயே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது, நம்ம பழைய பாம்பன் பாலத்துக்கு ஒன்பது வயசு இளையது. கஷ்டம் தூரத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. உட்லண்ட்ஸில் மூட்டை முடிச்சோடு பஸ்ஸை விட்டு இறங்கி, மாடி ஏறி, வரிசையில் நின்று, சிங்கப்பூரை விட்டு வெளியேறும் பாஸ்போர்ட் சோதனையை முடித்து, கீழே இறங்கி, அதே நம்பர் பஸ் இன்னொன்று வரும் வரைக்கும் இன்னொரு வரிசையில் நின்று, ஏறி, காஸ்வேயில் வண்டி நகராமல் நின்று, ஜேபியில் மறுபடியும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு இறங்கி, மறுபடி மாடி, மறுபடி வரிசை, மலேசியா முத்திரை. சாதாரண நாளில் ஒரு மணி நேரம். வெள்ளி, சனி ராத்திரியிலும் பள்ளி லீவிலும் பெருநாளுக்கு முன்னாலும் இரண்டு மணி, மூன்று மணி ஆகும். தினமும் சுமார் 3 லட்சம் பேர் அதைத் தாண்டுகிறார்கள்.

2018 டிசம்பரில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மகளுக்கென்று ஓலைப்பெட்டியில் தொதல் என்கிற இனிப்பு, அதன் மேல் ஒரு துண்டு கட்டி, அதைக் கீழே வைக்க மாட்டேன் என்று மடியிலேயே வைத்திருந்தார். மலேசியா முத்திரை மண்டபத்தில் வரிசை வளைந்து வளைந்து போகிறது, உட்கார ஒரு நாற்காலி இல்லை. சூட்கேஸைப் படுக்க வைத்து அதன் மேல் உட்கார வைத்தேன், வரிசை நகரும்போதெல்லாம் எழுப்பி நாலு அடி நடக்க வைத்து, மறுபடி உட்கார வைத்தேன். கடைசியில் கவுண்டருக்குப் போனால் கைரேகை மெஷின் அவர் விரலை எடுக்கவே இல்லை. சின்ன வயசிலிருந்து ஓலை முடைந்த கை, ரேகையெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. உள்ளே இருந்த பெண் அதிகாரி எழுந்து வந்து, ஈரத் துடைப்பானால் உம்மாவின் பெருவிரலைத் துடைத்து, தானே பிடித்து அழுத்தினார். மூன்றாவது தடவைதான் பச்சை விழுந்தது. வெளியே வந்ததும் உம்மா கேட்டது, "திரும்பிப் போகும்போதும் இப்படித்தானா?"

லாத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சானுக்கு அது தினமும். சிங்கப்பூரில் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலை, காலை ஏழரைக்கு உள்ளே இருக்க வேண்டும், அதற்கு நாலரைக்கே பைக்கை எடுக்கிறார். அந்த நேரத்தில் காஸ்வேயைப் பார்த்தால் ஆயிரக்கணக்கில் பைக், எல்லோரும் ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாட்டியிருப்பார்கள், நெஞ்சுக்குக் காற்று அடிக்காமல் இருக்க. சிங்கப்பூர்ச் சம்பளம், மலேசியா வாடகை, அதற்காகத் தூக்கத்தைக் கொடுக்கிறார்கள். லாத்தா பிள்ளைகள் வளர்ந்ததை மச்சான் பெரும்பாலும் தூங்கும்போதுதான் பார்த்திருக்கிறார். இதனால்தான் இந்த ரயில் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மிச்சமாகிற நேரம் ஒருவருக்கு ஒரு நாளில் இரண்டு மணி என்று வைத்தாலும், அது பிள்ளை முழித்திருக்கிற இரண்டு மணி.

அந்த வரிசை இந்த ரயிலில் இருக்காதா?

பாஸ்போர்ட் சோதனை உண்டு, ஆனால் ஏறுகிற இடத்திலேயே இரண்டு நாட்டுச் சோதனையும் முடிந்துவிடும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பினால் சிங்கப்பூர் அதிகாரி வெளியே விட, பக்கத்திலேயே மலேசிய அதிகாரி உள்ளே விட, அதற்கப்புறம்தான் கீழே பிளாட்ஃபாரம். புக்கிட் சாகாரில் இறங்கி நேராக நடந்து வெளியே போகலாம். திரும்பி வரும்போதும் அதேபோல, இரண்டு நாட்டு வேலையும் புக்கிட் சாகாரிலேயே முடிந்து, உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்கியதும் அங்கிருக்கிற எம்ஆர்டி என்கிற சிங்கப்பூர் மெட்ரோ ரயிலுக்குத் தரைக்கடியிலேயே நடந்து போய்விடலாம். மாடி ஏறி இறங்கி மறுபடி ஏறுவது பாதியாகக் குறைகிறது. காஸ்வே நெரிசல் 35 சதவீதமாவது குறையும் என்று சிங்கப்பூர்த் தரைவழிப் போக்குவரத்து ஆணையம் சொல்லியிருக்கிறது.

இது நம்ம கரைக்குப் புதுசு இல்லை என்று என் பெரியவாப்பா சொல்வார். போட் மெயில் காலத்தில் மதராஸில் ஒரே டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடி வரைக்கும் ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், அப்புறம் அந்தப் பக்கத்து ரயில் என்று கொழும்பு போய்விடலாம். தோட்ட வேலைக்குப் போகிறவர்களை மண்டபம் கேம்ப்பிலேயே நிறுத்தி மருத்துவச் சோதனையை முடித்துத்தான் அனுப்புவார்களாம். கடலைத் தாண்டுவதற்கு முன்னாலேயே அந்தக் கரையின் வேலையை இந்தக் கரையில் முடிப்பது, அதே யோசனைதான். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, அந்த வழியும் போனது.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஏறலாமா? விசா?

ஏறலாம். காஸ்வேயைத் தாண்ட என்ன காகிதம் வேண்டுமோ அதேதான் இதற்கும். சிங்கப்பூருக்கு நமக்கு விசா கட்டாயம். மலேசியாவுக்கு 2023 டிசம்பர் 1-லிருந்து 30 நாள் வரைக்கும் விசா இல்லாமல் விடுகிறார்கள், ஆனால் அந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரைக்குத்தான் நீட்டியிருக்கிறார்கள். ரயில் திறக்கும் கெடுவும் அதே மாசம் என்பதைக் கவனியுங்கள். ரயில் வந்தபிறகு போகலாம் என்று 2027-க்குத் திட்டம் போடுகிறவர்கள், விசா விதி அப்போது என்ன என்று பார்க்காமல் விமான டிக்கெட்டில் பணத்தைப் போடாதீர்கள்.

இன்னொன்று. சிங்கப்பூரில் இறங்கி, ஜேபி போய், திரும்ப சிங்கப்பூர் வந்து ஊருக்கு விமானம் ஏறுவதாக இருந்தால், நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறீர்கள். உங்கள் விசா பல தடவை நுழைய விடுகிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள். இதைப் பார்க்காமல் போன ஒரு குடும்பம் ஜேபியில் மாட்டிக்கொண்டு, கோலாலம்பூர் போய் அங்கிருந்து புதுசாக டிக்கெட் எடுத்து வந்தார்கள். என் கடைக்கு வந்து அழுதார்கள்.

வருகை அட்டை என்கிறார்களே, அதற்கு எவ்வளவு?

ஒரு பைசா இல்லை. சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு, மலேசியாவுக்கு எம்டிஏசி, இரண்டையும் போனிலேயே, போய்ச் சேர்வதற்கு முந்தின மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம். இதற்கு 500, 1000 என்று வாங்குகிற இடங்கள் இருக்கின்றன, வெப்சைட்டே அரசாங்க வெப்சைட் மாதிரி செய்துவைத்துக் கார்டு நம்பர் கேட்பதும் இருக்கிறது. பணம் கேட்டால் அது தப்பான பக்கம் என்று மூடிவிடுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் என் கடைக்கு வாருங்கள், பிரிண்ட் எடுக்கிற காசு மட்டும் கொடுங்கள்.

என் மகன் சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறான். ரயில் வந்துவிட்டால் ஜேபியில் வாடகைக்கு வீடெடுத்துத் தினமும் போய் வரலாமா?

வேண்டாம். ஏஜெண்டு யாராவது அப்படிச் சொன்னால் நம்ப வேண்டாம். மலேசியா நமக்குக் கொடுக்கிற 30 நாள் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு, உறவினரைப் பார்க்கிறவர்களுக்கு. அதை வைத்துக்கொண்டு அங்கே குடியிருப்பது கணக்கில் வராது, தினமும் உள்ளே வெளியே போனால் ஒருநாள் கவுண்டரில் நிறுத்திக் கேட்பார்கள். அவன் எங்கே தங்க வேண்டும் என்பதற்குச் சிங்கப்பூர்ப் பக்கத்திலும் விதி இருக்கிறது, கம்பெனிதான் அதற்குப் பொறுப்பு. ஒர்க் பெர்மிட் ரத்தானால் வாங்கின கடனோடு ஊருக்கு வந்து நிற்பான். மச்சான் போய் வருவது அவர் மலேசியக் குடிமகன் என்பதால். மகன் ஞாயிற்றுக்கிழமை ஜேபியில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரட்டும், அதற்கு இந்த ரயில் அருமை.

இப்போதே ஒரு ரயில் ஓடுகிறதே, அது என்ன?

அது டெப்ராவ் ஷட்டில், 2015 ஜூலையிலிருந்து ஓடுகிறது. ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு காஸ்வே மேலேயே, அதுவும் அஞ்சு நிமிஷம்தான். ஜேபியில் ஏறினால் 5 ரிங்கிட், உட்லண்ட்ஸில் ஏறினால் 5 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். நல்ல ரயில், ஆனால் நாளைக்கு இத்தனை தடவை என்று கணக்குதான், கூட்ட நேரத்து டிக்கெட் எல்லாம் முன்கூட்டியே தீர்ந்துவிடும், விடுமுறை நாளுக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. புது ரயில் ஓட ஆரம்பித்து ஆறு மாசத்துக்குள் இதை நிறுத்திவிடுவதாக ஏற்பாடு. பஸ், பைக், கார் எல்லாம் காஸ்வேயில் வழக்கம்போல ஓடும்.

நான் 80-களில் கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வந்து தஞ்சோங் பகாரில் இறங்கினேன், அந்த ஸ்டேஷன் என்ன ஆச்சு?

சலாம் போட்டுக் கேட்ட அந்தப் பெரியவருக்காகவே இதைச் சேர்க்கிறேன். 1932-ல் திறந்த ஸ்டேஷன், 2011 ஜூன் 30 ராத்திரி கடைசி ரயில் போனது, மறுநாளிலிருந்து மலேசிய ரயில் எல்லாம் உட்லண்ட்ஸோடு நின்றுவிட்டது. கட்டடத்தை இடிக்கவில்லை, தேசியச் சின்னமாகப் பாதுகாக்கிறார்கள். ரஜூலா கப்பலில் போனவர்கள் ஒரு தலைமுறை, தஞ்சோங் பகாரில் இறங்கினவர்கள் ஒரு தலைமுறை என்றார் அவர்.

ஏன் இத்தனை வருஷம் இழுத்தது?

2010-லேயே பேச ஆரம்பித்தார்கள். 2018 ஜனவரியில் ஒப்பந்தம், அப்புறம் மலேசியாவில் ஆட்சி மாறியது, செலவு அதிகம் என்று 2019-ல் நிறுத்தி வைத்தார்கள், கொஞ்சம் மாற்றி 2020 ஜூலை 30-ல் மறுபடி கையெழுத்து. அந்த நேரம் கொரோனாவால் காஸ்வேயே மூடிக்கிடந்தது, இரண்டு கரையிலும் குடும்பம் பிரிந்து கிடந்தது. மச்சான் அந்தச் சமயத்தில் பல மாசம் சிங்கப்பூரிலேயே மாட்டிக்கொண்டார், லாத்தா ஜேபியில். ஒரு கிலோமீட்டர் கடல்தான்.

ஊரிலிருந்து கிளம்பினால் இந்த ரயிலுக்கு எப்படிப் போவது?

திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது. கீழக்கரை, ராமநாதபுரத்துக்காரர்களுக்கு மதுரை பக்கம், தொண்டிக்காரர்களுக்குத் திருச்சி. சாங்கி விமான நிலையத்திலேயே எம்ஆர்டி இருக்கிறது. அதில் ஏறி அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் இறங்கி, நீலக்கோடு என்கிற டவுன்டவுன் லைனில் ஸ்டீவன்ஸ் வரைக்கும் வந்து, அங்கே பழுப்புக் கோட்டுக்கு மாறினால் அதன் கடைசி ஸ்டேஷன் உட்லண்ட்ஸ் நார்த். இரண்டே மாற்றம், எல்லா இடத்திலும் லிஃப்ட் இருக்கிறது. பெயர்ப் பலகையில் தமிழும் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், காலை ஏழிலிருந்து ஒன்பது வரைக்கும் பெட்டியோடு ஏறாதீர்கள், நிற்க இடமிருக்காது.

ஜேபிக்கு மட்டும்தான் போகிறோம், சிங்கப்பூரில் வேலை இல்லை என்றால் கோலாலம்பூர் விமானம் போட்டு அங்கிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ போவது மேல். சிங்கப்பூர் விசா செலவு மிச்சம்.

உம்மாவால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. சமாளிப்பாரா?

பஸ்ஸோடு பார்த்தால் கண்டிப்பாகச் சுலபம். ஆனாலும் மூன்று விஷயம் சொல்வேன். வேலைக்குப் போகிறவர்கள் காலையில் சிங்கப்பூர்ப் பக்கம், சாயங்காலம் ஜேபிப் பக்கம் போவார்கள், நீங்கள் எதிர்த் திசையில் போகிற மாதிரி நேரம் பாருங்கள், இல்லை என்றால் மத்தியானம் பதினொன்றுக்கு மேல். கவுண்டரில் முட்டிவலி, வீல்சேர் என்று முதலிலேயே சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம், அதிகாரிகள் தனி வழியில் விடுவார்கள். அப்புறம் பெட்டி ஒருவருக்கு ஒன்று, அதுவும் அவரே தள்ளுகிற அளவு.

கைரேகை விழாத விரல் இருந்தால், ஊரிலேயே இரண்டு நாள் முன்னாலிருந்து ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக் கைகளைப் பதமாக்குங்கள், கவுண்டருக்கு முன்னால் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அடுத்த தடவை உம்மாவுக்கு இதைத்தான் செய்தேன், முதல் தடவையிலேயே விழுந்தது.

தொதல் கொண்டு போகலாமா?

போகலாம். இறைச்சி, கருவாடு, முட்டை சேர்ந்த பண்டம் வேண்டாம், கேள்வி வரும். தொதலை ஓலைப்பெட்டியில் வைக்கிறவர்கள் அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் போடுங்கள், நெய்யும் தேங்காய்ப் பாலும் கசிந்து துணியெல்லாம் ஆகிவிடும். சோதனை மெஷினில் கறுப்புக் கட்டியாகத் தெரியும் என்பதால் சில சமயம் திறக்கச் சொல்வார்கள். திறந்து, அரிசி மாவு, தேங்காய்ப் பால், கருப்பட்டி என்று சொல்லுங்கள். மலேசியாவிலும் அதே பண்டம் அதே பெயரில், டோடோல் என்று இருக்கிறது, பெயரைச் சொன்னதும் மூடச் சொல்லிவிடுவார்கள்.